கட் சொன்ன பிறகு

என் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது, அவன் நடித்த படம் எதுவென்று தெரிந்திருக்காது, ஆனால் முகம் தெரிந்திருக்கும். வாய் பாதி திறந்து, இடது புருவம் மட்டும் மெதுவாக ஏறி, பிறகு முகம் மொத்தமாகத் தொங்கிப்போகும். மூன்று விநாடி. பரீட்சையில் கோட்டை விட்டவனும் அதைத்தான் போடுகிறான், மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற மருமகனும் அதைத்தான் போடுகிறான். போன மாதம் என் பல் டாக்டர், கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்ற செய்தியோடு அதையே எனக்கு அனுப்பியிருந்தார். அது என் கூடப்பிறந்தவன் என்று அவருக்குத் தெரியாது. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

உலகம் அவனுக்கு வைத்த பெயர் 'ஙே'. தெருவில் போனால் 'ஙே அண்ணா, ஒரு தடவை முழிங்க' என்று செல்போனை நீட்டுகிறார்கள். இவனும் நின்று முழிக்கிறான். ஒருமுறைகூட அது சரியாக வந்ததில்லை. எடுத்தவர்கள் போனபிறகு, 'வெளிச்சம் பத்தலைக்கா' என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எடிட்டர். இருபத்தாறு வருடமாகப் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று விநாடியை வெட்டி எடுத்ததும் நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு சின்னத் திருட்டு உண்டு. நடிகரின் முகத்தில் கேட்டது வரவில்லை என்றால், 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பும் 'கட்' சொன்ன பிறகும் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். அப்போது யாரும் நடிக்க மாட்டார்கள், அதனால் முகம் நன்றாக இருக்கும். பெரிய நடிகை என்று பெயர் வாங்கியவர்களின் எத்தனையோ சோகப் பார்வைகள், உண்மையில் காபி எங்கே என்று தேடிய பார்வைகள். படம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நடித்தவர்களுக்கும் தெரியாது. நாங்கள் சொல்வதில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணக் கதை. மாப்பிள்ளை ஓடிப்போகிறான், அவனுடைய நண்பன் அதிர்ச்சியாகிறான். நண்பனாக என் தம்பி. அதிர்ச்சியும் அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி வசனமும் அவனுக்கு இருந்தன. அந்த ஒரு வரியை ஒரு வாரம் வீட்டில் சொல்லிச் சொல்லி எல்லோருடைய காதிலும் ரத்தம் வரவைத்தான். படப்பிடிப்பில் ஒன்பது டேக். ஒன்பதிலும் அவன் அதிர்ச்சியடைந்த விதத்தைப் பார்த்தால் வயிற்றுவலிக்காரன் என்றுதான் தோன்றும். நான் என் அறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, ஒன்பதாவது டேக்கின் வாலை ஓட்டிப் பார்த்தேன். டைரக்டர் 'கட்' என்கிறார். பிறகு, மைக் இன்னும் வேலை செய்வதை மறந்துவிட்டு, உதவியாளரிடம் சொல்கிறார்: "இந்த ஆளுக்கு எதுக்குய்யா டயலாக்? தூக்கிடு." அது என் தம்பியின் காதில் விழுகிறது. வாய் பாதி திறக்கிறது. புருவம் ஏறுகிறது. முகம் தொங்குகிறது.

நான் அந்த ஒலியை நீக்கிவிட்டு, மேலே கொஞ்சம் இசையைப் போட்டு, படத்தில் வைத்தேன். தியேட்டரில் நான்கு பேர் சிரித்தார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பதாவது டேக்ல பிடிச்சுட்டேன் பார்த்தியாக்கா" என்றான். "ஆமாண்டா" என்றேன். என் பாவத்துக்கெல்லாம் அந்த ஒரு சொல்தான் தொடக்கம்.

படம் ஒரு வாரத்தில் ஊத்திக்கொண்டது. பன்னிரண்டு வருடம் கழித்து எவரோ வேலை இல்லாத ஒருவர் அந்த மூன்று விநாடியை நறுக்கி இணையத்தில் விட, அது காட்டுத்தீயாகப் பரவியது. இருபது வருடம் வாசல் வாசலாக வாய்ப்புக் கேட்டு அலைந்த என் தம்பி, மூன்று விநாடியில் பிரபலமானான். அவனும் ஒரு சேனல் தொடங்கினான். 'மூன்று படிகளில் முகபாவம்' என்று பாடம் வேறு எடுக்கிறான். முதல் படி, மனதைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்தத் தொடர் வந்தது. இணையத்தில் வெளியாகிற எட்டு எபிசோட் கதை. நாயகியின் மாமாவாக என் தம்பி. இந்த முறை நாற்பத்திரண்டு வசனம். தாளை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் எண் போட்டிருந்தான். நாற்பத்தாறு வயது ஆள், தாளை என் மேஜைமேல் விரித்து மடிப்பை நீவினான். "நாப்பத்திரண்டுக்கா" என்றான். அந்த நாற்பத்திரண்டும் அவனுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத நேரமில்லை.

டைரக்டர் யார் என்கிறீர்கள்? அதே ஆள்தான். அப்போது அவர் இருமினால் படப்பிடிப்பே நின்றுவிடும். இப்போது இருமுவதற்கே கன்டென்ட் ஹெட்டைத் திரும்பிப் பார்க்கிறார். ஹெட் என்பது, தொடரில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்கிற இருபத்தாறு வயதுப் பெண். மற்றவர்களின் வீடியோக்களைக் கிழித்துத் தொங்கவிடும் சேனல் நடத்தி, அதில் முப்பது லட்சம் பேரைச் சேர்த்து, அந்த முப்பது லட்சத்தோடு, தொடரை எடுக்கிற நிறுவனத்தில் வேலைக்கு வந்தவள். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். மரியாதை தெரிந்தவள், நேரத்துக்கு வருவாள், எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்பாள். ஆனால் கையில் எப்போதும் ஒரு கிராஃப் வைத்திருப்பாள்.

"மேம், எந்தத் தொடரா இருந்தாலும் ஒன்பதாவது நிமிஷத்துல ஆளுங்க இறங்கிடறாங்க."

"எதுலேர்ந்தும்மா இறங்கறாங்க? இது என்ன பஸ்ஸா?"

"கதையிலேர்ந்து மேம். அதனால எட்டாவது நிமிஷத்துல அந்த முகம் வந்துடணும். எட்டு எபிசோட்லயும் எட்டாவது நிமிஷம்."

படப்பிடிப்பு ஒரு வாடகை வீட்டில். எடுக்க எடுக்கவே வெட்டிக் காட்ட வேண்டும் என்று என்னையும் அங்கேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு ஒதுக்கிய இடம், மாடிப்படிக்குக் கீழே துணி துவைக்கிற அறை. வாஷிங் மெஷின் மேல் என் கம்ப்யூட்டர். இருபத்தாறு வருட அனுபவத்துக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் இருந்தது. ஹாலின் மூலையில் ஒரு கம்பில் செல்போனைச் செருகி வைத்திருந்தார்கள். படம் எடுப்பதை எடுத்துக் காட்டுகிற நேரடி ஒளிபரப்பு. காலையில் போட்டால் மாலைவரை ஓடும். நாங்கள் மேக்கப் போடுவது, ஒயர் தடுக்கி விழுவது, டைரக்டர் தூங்கி வழிவது எல்லாவற்றையும் லட்சம் பேர் பார்த்து இதயம் இதயமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான்காவது நாள் அது இருப்பதே மறந்துவிட்டது.

அந்த நான்காவது நாள்தான் முதல் எபிசோடின் எட்டாவது நிமிடத்துக் காட்சி. நாயகி, "மாமா, நான் வேலையை விட்டுட்டேன்" என்பாள். மாமா முழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

காலை எட்டரைக்குத் தொடங்கி பதினோரு மணிக்குள் பதினெட்டு டேக் போனது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று அவன் பாடத்தில் உள்ளபடியே செய்தான். புருவம் ஏறும்போது வாய் மூடியது. வாய் திறந்தபோது புருவம் இறங்கியது. இரண்டையும் ஒன்றாகச் செய்தபோது தும்மல் வரப்போகிறவன் மாதிரி இருந்தது. வாஷிங் மெஷின் அறையிலிருந்து நான் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு வருடத்துக்கு முன்பு பார்த்த அதே ஒன்பது டேக்குகள், இப்போது இரட்டிப்பாக.

சாப்பாட்டு இடைவேளையில் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். "அக்கா, நீதானே அன்னிக்கு எடிட் பண்ணினே. அந்தப் பழைய ஃபுட்டேஜ் உன்கிட்ட இருக்குல்ல? ஒரு தடவை போட்டுக் காட்டேன். ஒன்பதாவது டேக்ல நான் என்ன பண்ணினேன்னு பார்த்துக்கிறேன்."

"அதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு" என்றேன். அது என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

"உனக்கு ஞாபகமாவது இருக்கும். நான் எதை நினைச்சுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு?"

"எனக்கு என்னடா தெரியும், நீ எதை நினைச்சேன்னு." மென்று முழுங்கினேன். "போய்ச் சாப்பிடு."

"சாப்பாடு இறங்கலைக்கா. வராட்டி என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். அந்தப் பையனைக் கூப்பிடுவாங்களாம்."

அந்தப் பையன் என்பது, என் தம்பியின் முகத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற ஒருவன். என் தம்பி மாதிரி முழிப்பதுதான் அவனுடைய சேனல். என் தம்பியைவிட அவனுக்குக் கூட்டம் அதிகம். சொல்லவே வாய் கூசுகிறது, அவன் என் தம்பியைவிட நன்றாகவும் முழிக்கிறான். முகம் அவனுக்குப் போனால் மாமா வேடமும் போகும், நாற்பத்திரண்டு வசனமும் போகும்.

மதியம் மூன்றேகால். முப்பத்தொன்றாவது டேக். நான் அறையை விட்டு வந்து ஹாலில் மானிட்டருக்குப் பக்கத்தில் நின்றேன். நாயகி தன் வரியைச் சொன்னாள். தம்பி முழித்தான். வயிற்றுவலி.

"கட்" என்றார் டைரக்டர், ஹெட்டைப் பார்த்துக்கொண்டே.

ஹெட் செல்போனில் தட்டிக்கொண்டிருந்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ட்ரை பண்ணினீங்க. அவர் நாலு மணிக்கு வந்துடறேங்கறார்."

"இன்னும் ஒரே ஒரு டேக்மா" என்றான் என் தம்பி. குரல் கெஞ்சியது. "வந்துடும். அன்னிக்கு என்ன பண்ணினேனோ அது தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. அக்கா, நீயாவது சொல்லேன்."

அங்கேதான் எனக்கு எல்லாம் அறுந்துபோனது. ஹெட் மேல் கோபம். வரப்போகிற அந்தக் காப்பியடிக்கிறவன் மேல் கோபம். ஒன்றும் தெரியாத மாதிரி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டைரக்டர் மேல் கோபம். அதோடு கட் சொல்லியாகிவிட்டது. இருபத்தாறு வருடமாக என் மண்டையில் ஊறிப்போன கணக்கு இது: கட் சொன்ன பிறகு பேசுவதெல்லாம் எங்கேயும் போகாது, நான் நினைத்தால்தான் அது இருக்கும், இல்லையென்றால் இல்லை.

"வராதுடா" என்று கத்தினேன். "தலைகீழா நின்னாலும் வராது. ஏன்னா அன்னிக்கு நீ ஒண்ணுமே பண்ணலை. அது நடிப்பே இல்லை. கட் சொன்னதுக்கு அப்புறம் இருந்த துண்டு அது. இதோ நிக்கிறாரே, இவர்தான் உன் டயலாக்கைத் தூக்கிடுன்னு சொன்னார். அதைக் கேட்டுட்டு நீ நின்னே. அதை நான் வெட்டி வெச்சேன். அவ்வளவுதான். அதைப் போய் நீங்க திரும்பப் பண்ணுன்னா இவன் எப்படிப் பண்ணுவான்?"

கடைசி வாக்கியத்தை நான் ஹெட்டைப் பார்த்துச் சொன்னேன். அவனுக்காக வழக்காடுகிறேன் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது, பழக்கதோஷத்தில் மானிட்டர் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது. கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் நிறுத்துவதில்லை. திரையில் என் தம்பியின் வாய் பாதி திறந்திருந்தது. இடது புருவம் மெதுவாக ஏறியது. பிறகு முகம் மொத்தமும் தொங்கியது.

மூலையில் கம்பின் மேல் இருந்த செல்போனில் இதயங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. ஹெட்தான் முதலில் ஓடினாள். ஓடிப்போய் அதைக் கவிழ்த்து வைத்தாள். அந்த நல்ல காரியத்தை அவள் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்தாகிவிட்டது.

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார் டைரக்டர். அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

என் தம்பி என்னைப் பார்க்கவில்லை. கேமராக்காரரைப் பார்த்து, "இது ஓகேவா?" என்று கேட்டான். அவர் தலையை ஆட்டினார். தம்பி போய்த் தன் சட்டையை மாற்றிக்கொண்டான்.

மறுநாள் காலைக்குள் நான் கத்தியதும் அவன் முழித்ததும் சேர்ந்து கோடிப் பேர் பார்த்த வீடியோவாகிவிட்டது. என் வாய் அசைவுக்கு ஒருவன் மத்தளம் சேர்த்திருந்தான். பல் டாக்டரும் அனுப்பியிருந்தார், கீழே 'இது நீங்களா?' என்று கேட்டு. அந்தப் பையனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா வேடம் என் தம்பிக்கே நிலைத்தது. அவன் தினமும் வந்தான், நடித்தான், போனான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பேசிவிடலாம் என்று இரண்டு முறை மேக்கப் அறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து எட்டு எபிசோடையும் நான் வரிசையாக்கிக் கொடுத்தேன். நூறு பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஹெட் கிராஃபோடு என் அறைக்கு வந்தாள். இந்த முறை அவள் முகத்திலேயே ஈயாடவில்லை.

"மேம், சார் வர்ற இடமெல்லாம் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கறாங்க. ஆனா பேச ஆரம்பிச்சா இறங்கிடறாங்க. பேசாம இருந்தா நிக்கறாங்க."

"அதுக்கு?"

"பேசாத மாமாவா மாத்திடலாம்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. மூணு வரி மட்டும் இருக்கலாம். எந்த மூணுன்னு நீங்களே பாருங்க."

"நாப்பத்திரண்டுல மூணா? நான் வெட்ட மாட்டேன்மா."

அவள் கிராஃபை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க வெட்டலைன்னா வேற எடிட்டர்கிட்ட கொடுத்துடுவாங்க மேம். ஒரு மணி நேர வேலை. சாருக்கு இன்னும் சொல்லலை. வெளியாகும்போது அவரே பார்த்துக்கட்டும்னு சொல்றாங்க."

அவரே பார்த்துக்கட்டும். அதைக் கேட்டதும் எனக்கு அவள் மேல் வந்த கோபத்தைவிட, அதே வேலையைப் பதினான்கு வருடம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற என் மேல் வந்த கோபம் அதிகம். கிராஃபும் இல்லாமல், யாரும் சொல்லாமல் செய்தவள் நான்.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'உன் வசனத்தை எடுக்கச் சொல்லிட்டாங்க. மூணு மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வா.' அதைவிடப் பூசி மெழுகி எழுதத் தெரியவில்லை, எழுதவும் கூடாது.

அரை மணி நேரத்தில் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் நுழைந்தான். அந்த அரை மணி நேரமும் நான் அவன் முகத்தைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை, புருவம் ஏறவில்லை. சிவந்திருந்தது.

"ஊரே சிரிச்சப்ப நீயும் சேர்ந்து சிரிச்சியேக்கா" என்றான். "நான் பாடம் எடுக்கறேன்னு வந்து சொன்னப்ப, வேண்டாம்டான்னு ஒரு வார்த்தை சொன்னியா? மூணு படின்னு நான் முட்டாள் மாதிரி உளறிக்கிட்டிருந்தப்ப நீ உள்ளே என்ன நினைச்சே? டைரக்டர் சொன்னதை நான் அன்னிக்கே மறந்துட்டேன்னு நினைச்சியா? அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன். அந்த அழுகைக்குத்தான் இத்தனை வருஷமா கை தட்டறாங்கன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன் தம்பின்னு ஒரு நாளாவது தோணலையா?"

இன்னும் நிறையச் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. பேசி முடித்தபின் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

"வேற ஆளு வெட்டினா எதை வைப்பாங்க?"

"சின்னதா இருக்கிற மூணை வைப்பாங்க. 'சரி', 'வா', 'போ'."

ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "அப்ப நீயே வெட்டு. ஒவ்வொண்ணா போடு. எதை வைக்கலாம்னு நான் சொல்றேன்."

முதல் வசனத்தைப் போட்டேன். "வேண்டாம்" என்றான். இரண்டாவதைப் போட்டேன். அதுவும் வேண்டாம் என்றான். ஒன்பதாவதில் நாயகியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசுகிற நீளமான வசனம் வந்தது. அதைத்தான் அவன் அதிகம் ஒத்திகை பார்த்திருந்தான். நிறுத்தச் சொன்னான். மறுபடி போடச் சொன்னான்.

"இது நல்லா இருக்குல்லக்கா?"

ஆமாண்டா என்ற சொல் பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது.

"இல்லைடா" என்றேன். "நல்லா இல்லை. நடிக்கிறது தெரியுது."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன்.

"சரி" என்றான். "அடுத்ததைப் போடு."